கரை சேர வேண்டிய கழிவு

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றுகொண்டிருந்த எரிபொருள் கப்பல்மீது தூர்வாரும் கப்பல் ஒன்று மோதியது. ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா ஆகிய இடங்களில் கடற்கரைகள் மூடப்பட்டன. ஊழியர்களும் தொண்டூழியர்களும் எண்ணெய் படிந்த மணலை அள்ளி அகற்றினர். துப்புரவுப் பணி பல வாரங்கள் நீடித்தது.

விபத்து எப்போதோ ஒருமுறை நிகழ்வது. ஆனால், கப்பல்களில் எண்ணெய்க் கழிவு நாள்தோறும் சேர்கிறது. இயந்திர அறையில் கசியும் நீரும் எண்ணெயும் கப்பலின் அடிப்பகுதியில் தேங்குகின்றன. எரிபொருளைச் சுத்திகரிக்கும்போது கெட்டியான கசடும் மிஞ்சுகிறது. இவற்றை எங்கே கொட்டுவது?

இதற்கு விடை கூறுவது ‘மார்போல்’ எனப்படும் அனைத்துலக ஒப்பந்தம். எண்ணெய் மாசு பற்றிய அதன் விதிகள் 1983ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தன. இயந்திர அறைக் கழிவுநீரைக் கருவியால் வடிகட்டிய பின்னரே கடலில் விடலாம். அப்போதும் அந்நீரின் ஒரு மில்லியன் பங்கில் 15 பங்குக்குமேல் எண்ணெய் இருக்கக்கூடாது. கசடைக் கடலில் விடவே கூடாது. அதைத் தொட்டியில் சேமித்துத் துறைமுகத்தில் ஒப்படைக்கலாம். அல்லது கப்பலிலுள்ள எரியுலையில் எரிக்கலாம்.

கழிவைக் கரைக்கு மாற்றும் வேளையிலும் கவனம் தேவை. குழாய் நழுவினாலோ தொட்டி நிரம்பி வழிந்தாலோ, கடலைக் காக்கச் செய்யும் பணியே கடலைக் கெடுத்துவிடும். அதனால், பணி தொடங்குமுன் குழாயில் வெடிப்பு உள்ளதா என்று பார்க்கின்றனர். மேல்தளத்து நீர் கடலுக்குள் வடியும் துளைகளை அடைக்கின்றனர். இணைப்புகளின் கீழ் தட்டுகளை வைக்கின்றனர். கப்பலில் உள்ளவரும் கரையில் உள்ளவரும் ‘நிறுத்து’ என்பதற்குரிய சைகையை முன்கூட்டியே முடிவு செய்கின்றனர். முதலில் மெதுவாகவே கழிவு செலுத்தப்படுகிறது. கசிவு இல்லை என்று உறுதியான பிறகே வேகம் கூட்டப்படுகிறது.

எந்த நாட்டுக் கப்பலும் எந்தத் துறைமுகத்துக் குழாயோடும் பொருந்த வேண்டும் அல்லவா? அதற்காக, இணைப்புத் தகட்டின் வெளிவிட்டம் 215 மில்லிமீட்டர் என்றும், அதைப் பிணைக்க ஆறு திருகாணிகள் வேண்டும் என்றும் ஒப்பந்தம் வரையறுத்துள்ளது. சிறிய இந்த ஏற்பாடு, இணைப்பு பொருந்தாமல் எண்ணெய் சிந்துவதைத் தடுக்கிறது.

கழிவை ஒப்படைக்கப் பணமும் நேரமும் செலவாகும். அதை மிச்சப்படுத்த எண்ணி, வடிகட்டும் கருவியைத் தவிர்த்து, இரகசியக் குழாய்வழி நடுக்கடலில் கழிவைக் கொட்டுவோரும் உண்டு. இதைக் கண்டறிய உதவுவது எண்ணெய்ப் பதிவேடு. எவ்வளவு கழிவு, எந்நாளில், எங்கே மாற்றப்பட்டது என்று அதில் எழுதி, பொறுப்பதிகாரி கையொப்பமிட வேண்டும். அந்த ஏட்டை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர்கள், பதிவையும் பற்றுச்சீட்டையும் தொட்டியின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கணக்கு ஒத்துவராவிட்டால் கப்பல் புறப்படாமல் தடுத்து வைக்கப்படலாம்.

எனினும், நடுக்கடலில் எந்நேரமும் ஆய்வாளர் இருப்பதில்லை. அங்கே கடலைக் காப்பது கப்பல் ஊழியரின் நேர்மைதான். சிந்திய எண்ணெயை அள்ளுவதைவிட, சிந்தாமல் காப்பதே எளிது. ‘வருமுன் காப்போம்’ என்பது கடலுக்கும் பொருந்தும்.