வலி தணிக்கும் மருந்தும் சட்டத்தின் இரு கடமைகளும்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றங்கரையில் அமைந்துள்ள தோட்ட நகரம் வண்டிப்பெரியார். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில் உள்ள இவ்வூரைச் சூழ்ந்து தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அத்தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களுள் மிகப் பலர், பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இத்தகைய பெண் ஒருத்திக்குப் புற்றுநோய் கண்டால் நேரும் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சிகிச்சைக்காக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். எல்லை கடந்து தேனி, மதுரை மருத்துவமனைகளை நாடுவோரும் உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் அவளுடைய நாட்கூலியோடு துணைக்குச் செல்பவரின் கூலியும் போய்விடும். சிகிச்சை முடிந்து லயத்திற்குத் திரும்பிய பின் எஞ்சுபவை இரண்டு: வலி; உணவை ஏற்காத குமட்டல். இவற்றைத் தணிப்பதும் மருத்துவத்தின் பணியே ஆகும். அதற்கான மருந்துகளுள் சில, சட்டத்தின் கடுமையான கண்காணிப்பில் உள்ளவை. அவற்றுள் ஒன்றான மார்பின் இன்று பயன்பாட்டில் உள்ளது. மற்றொன்றான கஞ்சா குறித்து உலகெங்கும் ஆராய்ச்சியும் விவாதமும் நடந்து வருகின்றன.

கஞ்சா: மருந்தாகவும் குற்றமாகவும்

இடுக்கியின் காட்டுச் சரிவுகள் ஒரு காலத்தில் சட்டவிரோதக் கஞ்சாப் பயிருக்குப் பேர் பெற்றிருந்தன. ஆதலால் இவ்வட்டாரத்தில் அச்செடியின் பெயர் கேட்டதும் நினைவுக்கு வருவது கலால் துறையின் சோதனைச் சாவடியே. ஆயினும் அதன் மருத்துவ வரலாறு நீண்டது. சித்த, ஆயுர்வேத மருந்து முறைகளில் அதற்கு இடமுண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷாநெசி என்னும் மருத்துவர், வாதவலி, வலிப்பு முதலிய நோய்களில் அதனைப் பயன்படுத்திக் கண்ட முடிவுகளை 1839-இல் வெளியிட்டார். அரசு 1893-இல் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, முழுத் தடையைவிடக் கட்டுப்பாடும் வரிவிதிப்புமே தக்கவை என 1894-இல் கருத்துத் தெரிவித்தது.

1961-ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைமருந்து உடன்படிக்கை கஞ்சாவை மிகக் கடுமையான அட்டவணையில் சேர்த்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைமருந்து ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, 27-க்கு 25 என்ற வாக்குகளில் அந்த அட்டவணையிலிருந்து அதனை நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எனினும் கட்டுப்பாட்டுக்கு உரிய பொருள்களின் முதல் அட்டவணையில் கஞ்சா இன்றும் நீடிக்கிறது. மாற்றத்தின் பொருள் அது தீங்கற்றது என்பதன்று. அதற்கு மருத்துவப் பயன் இருக்கக்கூடும் என்பதே.

ஆராய்ச்சி காட்டுவது என்ன?

கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால் 1964-இல் இஸ்ரேலில் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையில் குமட்டலையும் பசியையும் ஆளும் பகுதிகளிலுள்ள ஏற்பிகளின் வழியாகச் செயல்படுகிறது. இதனை ஒத்த பொருள் ஒன்றை மனித உடலே சுரக்கிறது என்பது 1992-இல் தெரியவந்தது. வடமொழியின் ‘ஆனந்த’ என்ற சொல்லைக் கொண்டு அதற்கு அனந்தமைடு எனப் பெயரிட்டனர்.

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் முதலிடத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டாம் இடத்திலும் உள்ளன. இவ்விரண்டிலும் பயன்படும் வேதிமருந்துகளுள் சில கடும் வாந்தியை உண்டாக்குபவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1985-இல் டிரோனாபினால், நாபிலோன் என்னும் இரு மருந்துகள் இவ்வகை வாந்திக்காக அனுமதிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆன்டன்செட்ரான் முதலிய மருந்துகள் பெரும்பாலோருக்குப் போதுமானவையாக அமைந்தன. எனவே கஞ்சா சார்ந்த மருந்துக்கு உரிய இடம், வழக்கமான மருந்துகள் பயன் தராத நோயாளிகளிடம் மட்டுமே. அத்தகையோரிடையே ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், கஞ்சாச் சாற்று மாத்திரையைக் கூடுதலாகப் பெற்றவர்களில் 24 சதவீதத்தினரும், போலி மாத்திரை பெற்றவர்களில் 8 சதவீதத்தினரும் முழு நிவாரணம் அடைந்தனர். பயன் உண்மையானது, ஆனால் அளவானது. மயக்கம், தலைசுற்றல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

வலியைப் பொறுத்தவரை சான்று இன்னும் குறைவு. மார்பின் வகை மருந்துகள் முழுப் பயன் தராத நோயாளிகளிடம் கஞ்சாச் சாற்றைச் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கஞ்சா புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதரிடம் நிறுவப்பட்ட சான்று ஏதும் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையில், ஆய்வுச் சூழலுக்கு வெளியே புற்றுநோய்க்கான சிகிச்சையாக அதனைப் பயன்படுத்தலாகாது என்றே கூறியுள்ளது.

மார்பின் கற்பித்த பாடம்

1985-ஆம் ஆண்டின் போதைமருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை மேலோட்டமாக நோக்குவோர் அது தடைச்சட்டம் மட்டுமே எனக் கருதுவர். ஆனால் மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு அதன் 8-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கஞ்சாச் செடியின் சாகுபடியையும் உற்பத்தியையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 10-ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குத் தருகிறது. வலியைத் தணிக்கப் போதைமருந்துகள் இன்றியமையாதவை என 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முகவுரையும் ஒப்புக்கொள்கிறது. ஆக, தவறான பயன்பாட்டைத் தடுப்பதும், நோயாளிக்கு மருந்து கிட்டச் செய்வதும் சட்டத்தின் இரு கடமைகள் ஆகும்.

நடைமுறையில் முதல் கடமை இரண்டாவதை விழுங்கியது. உலகின் மருத்துவத் தேவைக்கு அபின் விளைவிக்கும் நாடு இந்தியா. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் உள்ளன. அத்தகைய நாட்டில், 1985-க்குப் பின் வந்த சுமார் 12 ஆண்டுகளில் மருத்துவத்திற்கான மார்பின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் வீழ்ந்தது. சட்டம் மார்பினைத் தடை செய்யவில்லை. உரிம முறையே அதனை எட்டாததாக்கியது. ஒரு மருத்துவமனை பல துறைகளிடமிருந்து பல உரிமங்களைப் பெற வேண்டும். அவை அனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக வேண்டும். ஒன்று காலாவதியானாலும் மருந்து வாராது. தண்டனைக்கு அஞ்சி மருந்தகங்கள் அதனை இருப்பில் வைப்பதையே கைவிட்டன.

இந்நிலையை மாற்றியதில் கேரளத்தின் பங்கு பெரிது. மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். அங்கிருந்து தன்னார்வலர்கள் வீடு தேடிச் செல்லும் அண்டை வலையமைப்பு வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு வலி தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, அப்பணியை ஊராட்சிகளின் பொறுப்பாக்கியது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி மார்பின் உள்ளிட்ட இன்றியமையாப் போதைமருந்துகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வகுக்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள நிலையம் அங்கீகாரம் பெற்று மருந்தை வைத்திருக்க வழி பிறந்தது. ஒரு சட்டத்தால் விளைந்த இடரை நீக்க 29 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் வலியோடு இறந்தவர்களுக்குத் திருத்தம் பயன்படவில்லை.

இனிச் செய்ய வேண்டுவன

வண்டிப்பெரியாரின் நோயாளிக்கு இன்று முதலில் தேவைப்படுவது கஞ்சா மருந்தன்று. அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் வாய்வழி மார்பின் எப்பொழுதும் இருப்பில் இருத்தல். அதனை அளவறிந்து தரப் பயிற்சி பெற்ற மருத்துவர். லயத்திற்கே வந்து தமிழில் பேசி நோயாளியின் குறையைக் கேட்கும் செவிலியர் - இவையே முதல் தேவைகள். விலை குறைந்த வாந்தித்தடுப்பு மருந்துகளும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

அடுத்தது, உண்மையை எடுத்துரைத்தல். கஞ்சா எண்ணெய் புற்றுநோயைத் தீர்க்கும் என்னும் வதந்தியை நம்பி, இருக்கும் சிகிச்சையைக் கைவிடுவது உயிருக்கு ஆபத்து. கள்ளச் சந்தையில் வாங்கிய பொருளின் அளவும் தூய்மையும் எவருக்கும் தெரியா. மேலும், நோயுற்ற தாய்க்காக வாங்கியவன் என்பதற்காக மகன் மீது வழக்கு இல்லாமற் போகாது. கடிந்துரைப்பதைவிட, குமட்டலுக்கும் வலிக்கும் வேறு மருந்து உண்டென்று காட்டி, அதனைக் கையில் கொடுப்பதே இத்தகைய குடும்பங்களைக் காக்கும்.

மூன்றாவது, எதிர்காலத்திற்கான ஆயத்தம். ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் கஞ்சா பற்றிய ஆராய்ச்சியை மேற்கொண்டு வருகிறது. நாளை தரநிர்ணயம் செய்யப்பட்ட மருந்தொன்று இந்தியச் சோதனைகளில் தேறுமாயின், அதனைப் பெறும் வழி தொடக்கத்திலேயே எளிமையாக வகுக்கப்பட வேண்டும். ஒரே உரிமம், பயிற்சி பெற்ற மருத்துவர், ஒழுங்கான கணக்கு என்ற 2014-ஆம் ஆண்டின் நெறி அதற்குப் போதுமானது. மார்பினுக்கு நேர்ந்தது மீண்டும் நேரலாகாது.

கிடங்கிலிருந்து எத்தனை மாத்திரை காணாமற் போயிற்று என்பதை அரசின் பதிவேடுகள் செம்மையாகக் காட்டுகின்றன. எத்தனை பேர் மருந்தின்றி வலியில் துடித்தனர் என்பதற்குப் பதிவேடு இல்லை. இரண்டையும் ஒரே அக்கறையுடன் கணக்கிடும் நிருவாகமே சட்டத்தின் இரு கடமைகளையும் நிறைவேற்றிய நிருவாகம் எனலாம்.