பாரிவாக்கத்தில் மனை வாங்குமுன் சர்வே எண்ணைக் கேளுங்கள்

பாரிவாக்கத்தில் மனை பார்க்க வருகிறவர்கள் விலையை விசாரிப்பார்கள், பட்டா இருக்கிறதா என்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். மூன்றும் சரியாக இருந்தாலும் அங்கே வீடு கட்ட முடியாமல் போகலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்குத்தான் பட்டா ஆதாரம். கட்டலாமா என்பது வேறு கேள்வி. பூந்தமல்லி ஒன்றியத்து ஊர் என்றாலும் இது சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் வருகிறது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம்தான் இங்கே நிலப்பயனை வகுத்திருக்கிறது. எனவே அட்வான்ஸ் கொடுக்குமுன் சர்வே எண்ணை உட்பிரிவோடு கேட்டு வாங்கி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் அதன் நிலப்பயனைப் பாருங்கள். விவசாயம் என்று வந்தால் நிலப்பயன் மாற்றம் பெற வேண்டியிருக்கும். கிடைத்துவிடும் என்று புரோக்கர் சொல்வது வெறும் வாய்ச்சொல்.

அடுத்து 'அ' பதிவேடும் புலப்படமும். இரண்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். வாங்கப்போகும் எண்ணோடு நிறுத்தாமல், அதைச் சுற்றியுள்ள எண்களையும் பதிவேட்டில் தேடுங்கள்; ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை எதுவானாலும் வகைப்பாடு அங்கே எழுதியிருக்கும். பிறகு புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பாருங்கள். படத்தில் வாய்க்கால் ஓடும் இடத்தில் தரையில் செம்மண் கொட்டிச் சமன்செய்திருந்தால், மழைத் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்று கேளுங்கள். ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் நிறைந்த இந்த மேற்குப் புறநகரில், தண்ணீர் பழைய தடத்தைத் தேடித்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, பக்கத்து மனையில் மாடி வீடே நிற்கிறது' என்பார்கள். மனைப்பிரிவுக்கு ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. சிஎம்டிஏ அங்கீகரித்த வரைபடத்தின் எண்ணையும், சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரத்தையும் கேளுங்கள். பழைய மனை என்றால், 2017 விதிகளின்படி வரன்முறை செய்த ஆணை வேண்டும். அதுவும் 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கு வந்த ஏற்பாடு. பக்கத்து வீடு நிற்பது அவர் கட்டிவிட்டார் என்பதற்குச் சாட்சி, அனுமதிக்குச் சாட்சி அல்ல.

இன்னொரு வாதமும் உண்டு: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அளித்தே ஆன்லைனில் அனுமதி வாங்கலாமே, இத்தனை அலைச்சல் எதற்கு? அந்த வசதி உண்மை, வரவேற்க வேண்டியதும்கூட. ஆனால் முன்பு அதிகாரி சரிபார்த்ததை இப்போது உரிமையாளரே சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். விவரம் பொய்யானால் அனுமதி ரத்தாகும், அஸ்திவாரத்துக்குப் போட்ட பணமும் போகும். விண்ணப்பத்துக்கு முன் உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு நான்கு எல்லையையும் அளந்து கல் நட்டு, எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் பக்க இடைவெளிகளையும் 2019 கட்டட விதிகளோடு ஒப்பிடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் செப்டிக் டேங்குக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கட்டியபின் தேடினால், மிஞ்சுவது கார் நிறுத்த வைத்திருந்த இடம்தான்.