நிலாவாரையைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சி

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மானாவாரியாக நிலாவாரை பயிரிடும் விவசாயிகளுக்கு இந்தப் பூச்சி புதிதல்ல. (அங்கே பலரும் இப்பயிரை அவுரி என்றே சொல்வார்கள், சாயம் எடுக்கும் அவுரி வேறு.) மழை பெய்து செடி துளிர்த்ததும், பச்சை கலந்த வெள்ளை நிற வண்ணத்துப்பூச்சிகள் வயலில் பறந்து திரியும். இறக்கையை விரித்தால் இரண்டு, இரண்டரை அங்குலம் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் பெண் பூச்சி முட்டையிட இளந்தளிரைத் தேடி வருகிறது.

இது கும்பலாக முட்டையிடுவதில்லை. நீண்ட வெண்ணிற முட்டையைத் தனித்தனியே தளிரில் ஒட்டிவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். உடல் பச்சை, பக்கவாட்டில் வெளிறிய கோடும், அதையொட்டிச் சிறு கறுப்புப் புள்ளிகளும் உண்டு. இலையோடு இலையாகப் படுத்துக் கிடப்பதால் அருகில் நின்றாலும் கண்ணில் படாது. கீழிலைகளில் எச்சம் சிதறிக் கிடந்தால் மேலே புழு இருக்கிறது என்று அறியலாம். சுமார் இரண்டு வாரம் தின்றபின் கூட்டுப்புழுவாகும். ஒரு நூலால் தன்னை இலையோடு கட்டிக்கொண்டு தொங்கும். இன்னும் ஒரு வாரத்தில் பறந்துவிடும். ஆக, ஒரு பறிப்புக்கும் அடுத்த பறிப்புக்கும் நடுவே ஒரு தலைமுறையே முடிந்துவிடுகிறது.

வயலில் பயிர் இல்லாத காலத்தில் வரப்பிலும் தரிசிலும் உள்ள ஆவாரை, பேயாவாரைச் செடிகளில் இது பிழைத்திருக்கும். அதற்காக ஆவாரையை வெட்டி எறிய வேண்டியதில்லை. புழுவைக் கொல்லும் சிறு குளவிகளுக்கும் அதுவே இருப்பிடம். வாரம் ஒருமுறை அதன் துளிரைத் திருப்பிப் பார்த்தால், வயலுக்கு வரப்போவது முன்கூட்டியே தெரியும்.

பருத்திக்கு அடிப்பதுபோல் இதற்கு நச்சு மருந்து அடிக்கக் கூடாது. இங்கே விற்பது இலையைத்தான். பேதி மருந்துக்காக வெளிநாடு போகும் சரக்கு இது. மருந்து எஞ்சியிருந்தால் வாங்குபவர் தள்ளிவிடுவார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் காலையில் புழுவைக் கையால் பொறுக்கினாலே பெரும்பகுதி அடங்கும். புழுவை ஒட்டி அரிசிக் குருணை போன்ற சிறு கூடுகள் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; அது குளவியின் வேலை.

புழு மிகுந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து மாலையில் தெளியுங்கள். இலை பறித்து முடித்து, புதுத்துளிர் விடும்போது தெளிப்பதே நல்லது. பறிப்பு நெருங்கிய பின் வேண்டாம்.