கூடிக் குடித்தவர்கள் தனியாக ஏன் விட வேண்டும்?

காலை ஆறரை மணிக்குத் தாராவி லேபர் கேம்ப் டீக்கடையில் நின்று பாருங்கள். கட்டிங் சாய் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒருவராவது நிற்பார். ஒரு கையால் பிடித்தால் டீ சட்டையில் சிந்திவிடும், அவ்வளவு நடுக்கம். "மனசு வச்சா விட்டுறலாம்" என்று அவரிடம் சொல்லாத ஆள் இல்லை. அவரும் எத்தனையோ தடவை மனசு வைத்துப் பார்த்துவிட்டார். நம் ஆட்கள் பெரும்பாலும் கூட்டாளிகளோடு உட்கார்ந்துதான் குடிக்கப் பழகினார்கள். விடுவதற்கும் கூட்டாளிகள் வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற ஆதரவுக் கூட்டத்தில் அவர்கள் கிடைப்பார்கள். அங்கே போய்ச் சேரவிடாமல் மறிக்கிற சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை: மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டான். அவன் எப்படிக் குடிநோயாளி ஆவான்?

உண்மை: அந்த 41 நாளும் குருசாமி இருந்தார், பஜனைக்குப் பக்கத்தில் உட்காரப் பத்து சாமிகள் இருந்தார்கள், தெருவே "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட்டது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் கலைந்துபோகிறது. சில நாள் நிறுத்த முடிவதால் நோய் இல்லை என்று ஆகாது. முதல் கிளாஸுக்குப் பிறகு அளவில் நிற்க முடியாமல் போவதும் நோயின் அடையாளமே. ஆதரவுக் கூட்டமும் அந்த மாலை போலத்தான். கழற்றும் நாள் மட்டும் அதற்குக் கிடையாது.

நம்பிக்கை: சோற்றில் தெரியாமல் பொடி கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவான்.

உண்மை: லோக்கல் ரயில் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே டாக்டர்கள் அதைக் கொடுப்பார்கள். அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தெரியாமல் கொடுப்பது விஷப்பரீட்சை.

நம்பிக்கை: ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி, நாலு நாள் வீட்டில் பூட்டிவைத்தால் போதும்.

உண்மை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள், மேலே பூச்சி ஊர்கிறது, சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று சிலர் அலறுவார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.

நம்பிக்கை: கூட்டம் சர்ச்சில் நடக்கிறது. மதம் மாற்றுவார்கள், பணமும் கேட்பார்கள்.

உண்மை: 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. இந்தியாவில் 1957 முதல் இயங்குகிறது. இடம் கிடைப்பதால் சர்ச் ஹாலிலோ பள்ளி அறையிலோ கூடுகிறார்கள். எந்த மதத்தோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுகிறார்கள். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் ஏ.ஏ. வழிமுறை மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது.

நம்பிக்கை: அங்கே போனால் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

உண்மை: அவர் குடிப்பது சந்துக்கு ஏற்கெனவே தெரியும். கூட்டத்தில் முழுப் பெயரோ முகவரியோ சொல்ல வேண்டியதில்லை. "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒருவர் தன் கதையைத் தொடங்குவார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பேச விருப்பம் இல்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். தாராவியில் கூச்சமாக இருந்தால் செம்பூரிலோ பாந்த்ராவிலோ நடக்கிற கூட்டத்துக்குப் போகலாம். வட்டாரக் கட்டுப்பாடு கிடையாது.

நம்பிக்கை: அவர் வரமாட்டேன் என்றால் வீட்டுக்காரர்கள் செய்ய ஒன்றுமில்லை.

உண்மை: குடும்பத்தாருக்காகவே அல்-அனான் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் ஒரு தோழியும் 1951-இல் தொடங்கியது. கணவர் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி போகலாம். அவர் விடுகிற வரைக்கும் அம்மாவும் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

எங்கே, எப்போது என்று தெரியவில்லையா? அரசின் போதை மீட்பு உதவி எண் 14446; கட்டணம் இல்லை. ஏ.ஏ.வின் இந்தியச் சேவை அலுவலகமே பைகுலாவில்தான் இருக்கிறது. கேட்கும்போது மூன்றைக் கேளுங்கள்: என்ன மொழி, எத்தனை மணி, திறந்த கூட்டமா? திறந்த கூட்டம் என்றால் துணைக்குப் போகிறவரும் உள்ளே உட்காரலாம்.

டீக்கடையில் நிற்கிற அந்த அண்ணனிடம் "விட்டுருங்க" என்று ஊரே சொல்லியாகிவிட்டது. "சாயங்காலம் நானும் கூட வர்றேன்ணே" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருக்கட்டும்.