தொழில் யார் பெயரில்?

முருங்கைக்காய் விலை சரியும்போது இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி விற்கலாம் என்பதை ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பகுதியினர் அறிவர். நத்தத்தில் புளியையும் மாங்காயையும் இவ்வாறே பக்குவம் செய்யலாம். இவ்வேலைகளைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். பதிவு என்று வரும்போது மட்டும் கணவரின் ஆதார் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். இதனால் வரும் இழப்பைக் கவனியுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு 2020 ஜூலை முதல் ‘உத்யம்’ பதிவு நடைமுறையில் உள்ளது. மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தமது ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை இத்தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது, பின்னர் திருத்தப்பட்ட 2012ஆம் ஆண்டு ஆணையின் விதி. அதனுள் 4 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு உரியது. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதம் 2018இல் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிக்கு முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. தனி ஒருவர் தொழிலாயின் உரிமையாளரே பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் உழைப்பது கணக்கில் வராது.

டெல்லிக் கொள்முதல் நமக்கு எட்டுமா என்பீர்கள். முதல் ஆண்டிலேயே எட்டாதுதான். ஆனால் தொழிற்கடன் கேட்டுப் போனால் வங்கியிலும் இப்பதிவைத்தான் கேட்கின்றனர்.

உழைப்பவரின் ஆதார், பான் எண், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொண்டே பதியுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையதளம் அரசினுடையதன்று. உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. அதையும் அவர் பெயரிலேயே எடுங்கள். முன்பே கணவர் பெயரில் பதிந்திருந்தால் அதே தொழிலுக்கு இன்னொரு பதிவு போடாமல், திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.