கல் கொத்திய இடம்

பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எந்த டச்சப் பாட்டில் நல்லது?" காரில் கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் கலர் வைக்க அந்தப் பாட்டிலைத் திறப்பது கடைசி ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தின அரை நாளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

1. காரைக் கழுவு. தார்ப்புள்ளி இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவு. கல் பட்ட குழிக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும், ஊதிக் காயவை.

2. நகத்தால் தடவிப் பார். சிக்கவில்லையா? கீறல் மேல் அடுக்கான கிளியர் கோட்டோடு நின்றிருக்கலாம்; பாலிஷ் போட்டுப் பார், போய்விடும். சிக்கினால் குழியின் நிறத்தைப் பார். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான், இரண்டு தலைமுடி கனம். சாம்பல் நிறம் தெரிந்தால் அடிப்பூச்சான பிரைமர் பிழைத்திருக்கிறது, உனக்கு வேலை குறைவு. பளபளத்தால் தகடு. பழுப்பு என்றால் துரு. பம்பரில் கறுப்பாகத் தெரிவது பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, ஆனால் அதற்கென்று தனி பிரைமர் வேண்டும்.

3. துருவுக்குப் பயப்படாதே, அவசரமும் படாதே. நம் தூத்துக்குடி உப்புக்காற்றில் தகடு தெரிந்த இடம் சில நாளிலேயே பழுத்துவிடும். வெளியே குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். உள்ளே பெயின்ட்டுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கும். பிளேடு முனையால் ஓரத்தை மெதுவாக நெம்பு. தூக்கிக்கொண்டு வருகிற பெயின்ட் எல்லாம் வரட்டும். குழி பெரிதாகிறதே என்று கை நடுங்கும், நடுங்கட்டும். பிறகு 600 நம்பர் எமரித் தாளைப் பொட்டளவு வெட்டி, பென்சில் பின்பக்க ரப்பரில் ஒட்டி, குழிக்குள் வைத்துத் திருகு. தகடு வெள்ளையாகும்வரை விடாதே. பள்ளத்துக்குள் கரும்புள்ளி மிஞ்சினால் ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு சொட்டு வைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காத்திரு.

ஒருமுறை வண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று பழுப்பின் மேலேயே கலர் வைத்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் அந்த இடம் அப்பளமாகப் பொரிந்திருந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. பானெட் பக்கத்தில் பேசாமல் நின்றார். திட்டியிருக்கலாம்.

4. குழியின் ஓரம் படிக்கட்டு மாதிரி நின்றால் கலர் வைத்த பிறகும் வட்டம் தெரியும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சிறிதாக மடித்து, ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, ஓரத்தை மட்டும் சரிவாக்கு. கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். சுற்றிலும் தேய்த்துத் தள்ளினால் எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

5. பெயின்ட்டர்களைக் கவிழ்ப்பது மெழுகும் சிலிகானும். டேஷ்போர்டு பாலிஷ் போட்ட துணி பட்டாலே போதும், கலர் ஒட்டாமல் மீன்கண் போல விலகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை. அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடு. ஒரே துணி என்றால் அழுக்கைப் பரப்பத்தான் செய்வாய். கை சானிடைசரும் அதுதானே என்று ஒரு தம்பி கேட்டான். அதில் கிளிசரின் இருக்கிறது, படலம் விடும். பெட்ரோலும் வேண்டாம். தின்னர், முன்பே ரீபெயின்ட் செய்த பாகத்தைக் கரைத்துவிடும். துடைத்த பின் அந்த இடத்தில் விரல் வைக்காதே. விரலிலும் எண்ணெய்தான்.

6. நிழலில் செய், காலையில் செய். மதிய வெயிலில் கையே வைக்க முடியாத பானெட்டில் எதுவும் சமமாகக் காயாது. மழை ஈரத்திலும் வேண்டாம்.

7. வெள்ளை என்று கலர் வாங்காதே. வெள்ளையில் எத்தனையோ வெள்ளை. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் அல்லது தகட்டில் கலர் குறியீடு இருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போ.

8. தகடு தெரிந்த இடத்துக்கு மட்டும் பிரைமர். பாட்டிலோடு வரும் பிரஷ் இதற்குத் துடைப்பம் மாதிரி. பல்குச்சி நுனியால் ஒரு பொட்டு வை. குழி நிரம்பக் கூடாது, மேலே கலரும் கிளியரும் உட்கார இடம் வேண்டும். வைத்தாயா? போய் டீ குடித்துவிட்டு வா. கலர் பாட்டிலை அப்புறம் குலுக்கலாம்.