வெள்ளம் தாங்கும் நெல் உருவானது எப்படி?

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால், டெல்டாவின் தாழ்வான வயல்கள் பல நாட்கள் நீரில் மூழ்கிவிடுகின்றன. மூழ்கிய சாதாரண நெல், நீர்மட்டத்துக்கு மேலே வர இலைகளை வேகமாக நீட்டுகிறது. சேமித்த சத்து முழுவதும் இதிலேயே செலவாகிப் பயிர் அழுகிவிடுகிறது.

ஒடிசாவின் பழைய நெல்லான எஃப்.ஆர். 13ஏ இவ்வாறு நீள்வதில்லை. வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காப்பாற்றி, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கிறது. இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் மகசூல் குறைவு. இதன் நல்ல குணத்தை மட்டும் எடுப்பது எவ்வாறு?

நெல்லின் உயிரணுவில் 12 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஜோடியில் ஒன்று தாய்வழி வந்தது. மற்றது தந்தைவழி வந்தது. குணங்களை நிர்ணயிக்கும் மரபணுக்கள் இவற்றில் வரிசையாக அமைந்துள்ளன. அருகருகே உள்ளவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். அதனால் நல்ல குணத்துடன் வேண்டாத குணமும் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தப் பிணைப்பை அவிழ்ப்பது குறுக்கேற்றம் ஆகும். பூவில் மகரந்தமும் சூலும் உருவாவதற்கான உயிரணுப் பிரிவின்போது, ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டி நின்று, நேரெதிர் இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு இணைகின்றன. மரபணுக்கள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அரிதாகவே அவை பிரியும்.

வெள்ளம் தாங்கும் 'சப்-1' பகுதி 9-ஆம் குரோமோசோமில் இருப்பது 1996-இல் தெரியவந்தது. எஃப்.ஆர். 13ஏ வழிவந்த நெல்லை 'சுவர்ணா' ரகத்துடன் ஒட்டுச் சேர்த்து, வாரிசுகளை மீண்டும் மீண்டும் சுவர்ணாவுடனேயே கலந்தனர். சப்-1 பகுதியின் இரு பக்கமும் துண்டு மாறிய நாற்றுகளை மரபணு அடையாளங்களைக் கொண்டு பொறுக்கி எடுத்தனர். இவ்வாறு உருவான 'சுவர்ணா சப்-1' இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. நம் பகுதிக்கு ஏற்ற 'சி.ஆர். 1009 சப்-1' ரகமும் இம்முறையில் வந்ததே.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. இவை நிலைப்படுத்தப்பட்ட ரகங்கள். ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், துண்டு மாறினாலும் குணம் மாறாது. கலவன் நீக்கி விதை எடுத்து வைக்கலாம்.

2. வீரிய ஒட்டு நெல்லில் ஜோடிகள் வேறுபட்டவை. அறுவடை செய்த நெல்லை விதைத்தால் குணங்கள் சிதறும். ஒவ்வொரு போகத்துக்கும் புது விதை வாங்க வேண்டும்.

3. பூக்கும் தருணத்தில் வரும் வெள்ளத்துக்குச் சப்-1 பாதுகாப்பு தராது. வடிகாலைத் தூர்வாரி வைப்பது எந்த ரகத்துக்கும் அவசியம்.

4. நீர் வடிந்தவுடன் யூரியா இட வேண்டாம். புதுத் துளிர் விட்ட பிறகே மேலுரம் இட வேண்டும்.